அம்மை இரண்டு தடவை வந்த வீடு

சிவகாமசுந்தரி மிஸ்ஸியை நான் முதன்முதலில் சந்தித்தபோது அவர் என்னை நாக்கைத் தூக்கச் சொன்னார். சிங்கப்பூரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். 1966-ஆம் ஆண்டு அது. ஆசிரியர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் என் வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்துவிட, காசநோய்க் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கிளினிக் அட்டையில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னேன்.

"சேர்த்துட்டாப் போச்சு தம்பி. பி.ஏ.ன்னு போட்டா மாத்திரை ஒண்ணும் குறையாது. வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. ம், முழுங்கியாச்சு. அடுத்த ஆள்!"

மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்புகிறவர்கள் உண்டு. அதைப் பிடிப்பதுதான் அவர் வேலை. பி.ஏ. என்றும் பாராமல் என் கன்னத்தையும் பார்த்தார். ஆனால் ஊசித் தட்டோடு இன்னொரு நர்ஸ் உள்ளே வந்தால் போதும், மிஸ்ஸி எழுந்து வெளியே போய்விடுவார். ஊசி போட்டு முடித்து, தட்டு போன பிறகுதான் திரும்பி வருவார். தினமும் இப்படித்தான்.

"ஊசியைப் பார்த்து ஓடுற மிஸ்ஸியை இங்கதான் லா பார்க்கிறேன்" என்று வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த லாரி டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு விசாரித்தேன். மிஸ்ஸியும் அவருடைய மாமியாரும், அங்கே புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸராக இருந்த அஹமது கபீரும் சொன்னதிலிருந்து எழுதுவது இது.

சிவகாமசுந்தரி பஃபலோ ரோட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றியவரின் மகள். ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை படித்துவிட்டு உதவி நர்ஸாகச் சேர்ந்தார். ஹார்பர் போர்டில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த வேலாயுதத்துக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையும். மற்றதில் வேலாயுதத்தின் தாயார் முத்தாயி.

முத்தாயியின் புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் இருமி இருமியே செத்தவர். அந்த ரத்தத்தை ஏந்திய தகரக் குவளையைக் கழுவியது முத்தாயியின் கை. அதனால், மருமகள் காசநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்பது கல்யாணம் பேசும்போதே பெரிய சிக்கலாகிப் போயிற்று. கடைசியில் முத்தாயி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"வேலைக்குப் போ. சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவா. வேற எதையும் கொண்டுவராத. ஒட்டுற வியாதி ஏதாச்சும் உன் மேல வந்துச்சு, அன்னைக்கே நர்ஸ் தொப்பியைக் கழட்டி வச்சிடணும். சரியா?"

"சரி அத்தை."

"எங்கிட்டச் சொல்லாத. ஆத்தாகிட்டச் சொல்லு."

சுவரில் மாட்டியிருந்த காளியம்மன் படத்தின் முன்னால் நின்று சிவகாமசுந்தரி சொன்னாள்.

1958 வாக்கில் அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மாத்திரையோடு தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. மற்றதற்கு மாத்திரை மட்டும். யாருக்கு எது என்று நோயாளியும் கேட்க முடியாது, டாக்டரும் பார்த்துக் கொடுக்க முடியாது. ஒட்டிய உறைக்குள் சீட்டு வரும். உறையைக் கிழித்தால் அதுதான் விதி. கடைசியில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து யாருக்குக் குணமாயிற்று என்று சொல்பவருக்கும் இந்த ஆள் எந்தக் கூட்டம் என்று தெரியாது. ஆசை பார்வையைக் கெடுத்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதை நடத்தியவர் டாக்டர் ஜார்ஜ். நாகப்பட்டினத்து வேதக்காரக் குடும்பம். பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர், மேல்படிப்பு லண்டன்.

ஊசிக் கூட்டம் வலிக்கிறது என்று முனகும். மாத்திரைக் கூட்டம் ஊசி இல்லையே என்று சண்டைக்கு வரும். "ஊசி இல்லாம என்னா வைத்தியம்? நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?" என்று படுக்கையை விட்டு இறங்கி வந்து கேட்டவர்களையும் கபீர் பார்த்திருக்கிறார்.

ஊசி போடும் பொறுப்பு சிவகாமசுந்தரியிடம் வந்தது. கை அவ்வளவு மெது. "சுந்தரி மிஸ்ஸி போட்டா எறும்பு கடிச்ச மாதிரி" என்று சொல்லி, அவர் வராத நாளில் ஊசியே வேண்டாம் என்று முரண்டு பிடித்தவர்கள் உண்டு. வார்டு சிஸ்டர் பிலோமினம்மாள் யாரையும் லேசில் பாராட்டுகிற ரகம் இல்லை. அவரே புதிதாக வரும் பெண்களைக் கூட்டிவந்து, "சுந்தரி போடுறதைப் பாருங்க. அப்புறம் உங்க கையைப் பாருங்க" என்பார். பால்காரர் மகளுக்கு அது பட்டம் வாங்கியது மாதிரி.

காலையில் ஊசி அறையில் சின்னச் சின்னப் புட்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே வெள்ளைத் தூள். அதில் தண்ணீரை ஏற்றிக் குலுக்கிக் கரைத்து, கண்ணாடி சிரிஞ்சில் உறிஞ்சி, ஊசியை மேலே நிமிர்த்திக் காற்றை வெளியே தள்ளுவார்கள். நுனியில் ஒரு சொட்டு தெரிகிற வரைக்கும் தள்ளினால்தான் காற்று போனதாகக் கணக்கு. அப்போது சாம்பிராணிப் புகை மாதிரி ஒரு மெல்லிய தூவானம் எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் மின்னி, போட்டவரின் கையிலும் முகத்திலும் இறங்கும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

முதலில் விரலிடுக்கில் அரிப்பு. சிவகாமசுந்தரி சோப்பைக் குற்றம் சொன்னாள். பிறகு விரல்கள் சிவந்து வெடித்தன. பவுடர் போட்டு மறைத்தாள். கண்ணிமை ஊறத் தொடங்கியபோது எருமைப்பால் ஏட்டைத் தடவினாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனால் நர்ஸ் கையில் புண் என்று சிஸ்டருக்குத் தெரிந்தால் ஊசி அறை போய்விடும். வீட்டுக்குத் தெரிந்தால் வேலையே போய்விடும். வெளியில் யாராவது பார்த்தால் பெருவியாதி என்று பேர் வைத்துவிடுவார்கள். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது கண் திறக்கவில்லை. முகம் அதிரசம் போல உப்பிச் சிவந்திருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் பொரிபொரியாகத் தடித்திருந்தது. காபித் தம்ளரோடு வந்த முத்தாயி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா! வந்துட்டியா தாயி!"

"அம்மை போட்டிருக்கா?" என்று வேலாயுதம் பின்வாங்கினான்.

"அப்படிச் சொல்லாதடா. ஆத்தா வந்திருக்கான்னு சொல்லு. போ, தேக்கா மார்க்கெட்டில வேப்பிலை கிடைக்கும், வாங்கியா. இளநியும் வாங்கு. வீட்டில தாளிக்கக் கூடாது, மீனு கூடாது. அப்படியே ஆஸ்பத்திரியில சொல்லிட்டு வந்திடு."

சிவகாமசுந்தரிக்கு அது அம்மை இல்லை என்று தெரியும். அம்மை பார்த்த நர்ஸ் அவள். நீர் கோத்த முத்து ஒன்றுகூட இல்லை, உடம்பு சுடவில்லை. 'இது ஆஸ்பத்திரியில் வந்தது அத்தை' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் வந்தது என்றால் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஆத்தா வந்தாள் என்றால் யார் மேலும் குற்றமில்லை. யார் வீட்டுக்கும் அவள் வருவாள். வீங்கிய கண்ணை மூடிக்கொண்டு சிவகாமசுந்தரி சும்மா படுத்திருந்தாள். பொய் சொல்லவில்லை. மாமியார் சொன்னதை மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வேலாயுதம் ஆஸ்பத்திரிக்குப் போய் 'சிக்கன் பாக்ஸ்' என்று சொல்லிவிட்டு வந்தான். அங்கே அது சின்னச் செய்தியாக இல்லை. நெஞ்சு நைந்துபோன நோயாளிகள் இருக்கும் வார்டில் சின்னம்மை புகுந்தால் என்ன ஆகும்? பிலோமினம்மாள் வார்டையே கழுவிவிட்டார். சிவகாமசுந்தரி ஊசி போட்டவர்களையெல்லாம் தினமும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்குப் புது நோயாளிகளைச் சேர்ப்பது நின்றது. டாக்டர் ஜார்ஜ் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

வீட்டிலோ வேப்பிலையும் இளநீருமாக நாள்கள் போக, முகம் வாடிய பூ மாதிரி சுருங்கித் தெளிந்தது. முத்தாயி மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை மருமகள் தலைக்கு ஊற்றினாள். "போயிட்டு வா தாயி, குளுந்து போ" என்று வழியனுப்பினாள். விரல்கூட ஆறிவிட்டது. உண்மையாகவே ஆத்தாதான் வந்திருப்பாளோ என்று சிவகாமசுந்தரிக்கே ஒரு நிமிஷம் தோன்றிற்று.

வேலைக்குத் திரும்பினாள். புட்டிகள், தூள், தண்ணீர், நிமிர்த்திய சிரிஞ்சு. அந்த வாரம் முடிவதற்குள் கண் மறுபடியும் மூடிக்கொண்டது. இந்தத் தடவை கழுத்து வரைக்கும்.

முத்தாயி வந்து பார்த்தாள். கும்பிடத் தூக்கிய கை பாதியில் நின்றது.

"இது என்னடி? இப்பத்தானே தண்ணி ஊத்தி அனுப்பிவச்சேன்."

"தெரியல அத்தை."

"ஒருத்தி மேல ஆத்தா இப்படி வாராவாரம் வரமாட்டாளே. நம்ம கையில ஏதும் குத்தமா? தண்ணி ஊத்தின நாளு சரியில்லையோ?" சந்தேகம் தீரவில்லை. இருந்தாலும் வேப்பிலையைக் கட்டாமல் விடுவதற்கும் பயம். கட்டினாள்.

வேலாயுதம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனான். பிலோமினம்மாள் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி அவனைப் பார்த்தார்.

"திரும்பவுமா? சிக்கன் பாக்ஸா? மிஸ்டர் வேலாயுதம், உங்க வீட்டில அது வாடகைக்கு இருக்கா?"

உள்ளே இருந்து டாக்டர் ஜார்ஜ் எழுந்து வந்தார். முதல் தடவை யாருக்கும் ஒட்டாத அம்மை. இப்போது அதே ஆளுக்கு இரண்டாம் தடவை. வேலைக்கு வராதபோது குணம், வந்தபோது வியாதி. லண்டனில் படிக்கும்போது எங்கோ வாசித்தது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "உங்க வீடு எங்க? நான் வர்றேன்" என்றார்.

கெர்பாவ் ரோட்டுப் படிக்கட்டின் மேலே முத்தாயி குறுக்கே நின்றாள். தலைக்கு மேலே வேப்பிலை.

"ஆத்தா இருக்கிற வீடு டாக்டரய்யா. மருந்துப் பெட்டியோட உள்ள வரக்கூடாது."

"பெட்டியை வெளியிலேயே வச்சிர்றேன்மா."

"சப்பாத்து?"

டாக்டர் சப்பாத்தையும் கழற்றினார். காலுறையில் ஓட்டை. முத்தாயி அதையும் பார்த்துவிட்டாள்.

"நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்கு அம்மை போட்டப்ப எங்கம்மாவும் வேப்பிலைதான்மா விரிச்சாங்க. தலைமாட்டில மாதா படம், கால்மாட்டில வேப்பிலை. ஃபாதருக்குத் தெரியாம."

முத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வழி விட்டாள். "அப்ப நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டு தடவை போட்டுச்சா?"

"இல்லம்மா. அதைக் கேட்கத்தான் நானும் வந்தேன்."

பாயில் கிடந்த சிவகாமசுந்தரியின் கையை வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய், விரல்களை விரித்துப் பார்த்தார். இடுக்குகளைப் பார்த்தார். இமையைப் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

"எப்ப ஆரம்பிச்சது சுந்தரி?"

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"முகத்துக்கு முன்னாடி கையில வந்திருக்கணுமே. உங்களுக்கு இது சிக்கன் பாக்ஸ் இல்லன்னு தெரியாதா?"

"தெரியும் டாக்டர்" என்றாள் சிவகாமசுந்தரி. "முதல் நாளே தெரியும்."

தெருவில் யாரோ மல்லிகைப்பூ விலை கூவினார்கள்.

"என்னடி தெரியும்?" என்றாள் முத்தாயி. "நான் ஆத்தா ஆத்தான்னு கிடந்தேனே. கைப்புள்ளைய உங்கிட்ட அண்ட விடாம, ஒரு வேளைச் சோத்தைத் தின்னுட்டு, தரையில படுத்தேனே. அவ பேர்ல பொய்யா?"

"பொய் சொல்லல அத்தை. நீங்க சொன்னீங்க. நான் பேசாம இருந்தேன். ஆஸ்பத்திரியில வந்ததுன்னா வேலையை விடச் சொல்வீங்க."

"அப்ப அங்க வந்ததுதானா?"

"அங்கதான்" என்றார் டாக்டர். "ஆனா நோயாளிகிட்டேருந்து இல்லம்மா. மருந்திலேருந்து. நோய்க்குக் கொடுக்கிற ஊசி மருந்து சில பேர் தோலுக்கு ஆகாது. தெளிக்கத் தெளிக்க உடம்பு அதைப் பகையாளியா நினைச்சிடுது. ஒட்டாது. உங்களுக்கோ குழந்தைக்கோ வராது."

முத்தாயி டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். தன் புருஷனுக்கும் ஒன்றும் பயமில்லை என்று ஒரு டாக்டர் சொன்னது அவளுக்கு மறந்துபோகவில்லை.

"வாயால சொன்னாப் போதுமா? ஒட்டாதுன்னு எனக்குக் காட்டுங்க."

"காட்டலாம்மா. மருந்தில நனைச்ச துணியை இவங்க கையில ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சுப் பார்ப்போம். பக்கத்திலேயே வெறும் தண்ணியில நனைச்ச துணி. மருந்து பட்ட இடம் மட்டும் தடிச்சா, அதுதான் காரணம்."

"அந்த மருந்து யாரு கையில பட்டாலும் தடிக்குமோ என்னமோ. அது எப்படித் தெரியும்?" என்றாள் முத்தாயி. பிறகு முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "எனக்கும் வைங்க."

டாக்டர் ஜார்ஜ் அந்தக் கையைப் பார்த்தார். "அதுவும் வேணும்தான்மா" என்றார். "இல்லன்னா நானே இன்னொரு ஆளைத் தேடணும்."

கண் வீக்கம் வடிந்த பிறகு மாமியாரும் மருமகளும் டிராக்ஷன் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். அந்த ஆஸ்பத்திரி வாசலை முத்தாயி மிதித்தது அன்றுதான். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எதிலும் இடித்துவிடாமல், உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடந்தாள். கபீர்தான் பிளாஸ்திரி ஒட்டினார். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சதுரம், ஒன்று மருந்து, ஒன்று தண்ணீர்.

"எது எதுன்னு சொல்லாதீங்க" என்றாள் முத்தாயி. "தெரிஞ்சா மனசு அங்கேயே அரிக்கும்."

"ஐயையோ, பாட்டிம்மா டாக்டரைவிடக் கண்டிப்பா இருக்காங்க" என்றார் கபீர்.

"யாருக்குடா நான் பாட்டி? ஒட்டு, ஒழுங்கா ஒட்டு."

அடுத்த இரண்டு நாளும் தேக்கா மார்க்கெட்டில் முத்தாயியின் கைதான் பேச்சு. மீன்காரர் என்ன அடி பட்டது என்று கேட்டார். "அடியும் இல்ல, உதையும் இல்ல. நான் ஆராய்ச்சியில இருக்கேன்" என்றாள். இஞ்சிக்காரி தொட்டுப் பார்க்க வந்தபோது, "தள்ளி நில்லு, முடிவு கெட்டுப்போயிடும்" என்று கையை உயரத் தூக்கிக்கொண்டாள். குளிக்கும்போதும் அந்தக் கை வாளிக்கு வெளியேதான் இருந்ததாம்.

சிவகாமசுந்தரிக்கோ முதல் நாள் சாயங்காலமே ஒரு சதுரத்தின் அடியில் அரிப்புத் தொடங்கிவிட்டது. எது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிளாஸ்திரியை உரித்தார்கள். முத்தாயியின் கையில் இரண்டு இடமும் சுத்தம். சிவகாமசுந்தரியின் கையில் தண்ணீர் வைத்த இடம் சுத்தம். மருந்து வைத்த இடம் தோசைக்கல்லில் சுட்டமாதிரி சிவந்து, நடுவில் கொப்புளம் கட்டியிருந்தது. முத்தாயி அதையே உற்றுப் பார்த்தாள். திடீரென்று மருமகளின் கையைப் பிடித்து, அந்தச் சிவந்த இடத்தில் தன் கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள். கபீர் தடுக்க வந்தார். டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இதையும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்றாள் முத்தாயி. அதுவும் பார்த்தாயிற்று. ஒன்றும் வரவில்லை.

ஆனால் டாக்டர் சொன்ன அடுத்த செய்தி நல்ல செய்தியாக இல்லை. "சுந்தரி, இனிமே நீங்க ஊசி அறைக்குப் போகக்கூடாது. புட்டியைத் தொடக்கூடாது, போடுற இடத்தில நிக்கக்கூடாது. இன்னொண்ணு. நாளைக்கு உங்களுக்கே காசநோய் வந்தா, இந்த மருந்தை உங்களுக்குப் போட முடியாது. மாத்திரையை மட்டும்தான் நம்பணும். அது தெரிஞ்சுதான் நீங்க முடிவெடுக்கணும்."

வேலாயுதம் பதறிப்போனான். "அப்புறம் என்ன முடிவு? விட்டுரு சுந்தரி. வேலை வேணாம். நான் சம்பாதிக்கலையா?"

சிவகாமசுந்தரி மாமியாரைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தது அவளிடம். இப்போது முத்தாயி 'விடு' என்று ஒரு சொல் சொன்னால், மறுத்துப் பேச எதுவும் மிச்சமில்லை. ஆத்தா பேரைச் சொல்லி மறைத்தவள் வேறு. இத்தனை வருஷத்து வேலை அந்தக் கிழவியின் வாயில் நின்றது.

முத்தாயி சுத்தமாக இருந்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் போட்ட நிபந்தனை என்ன? ஒட்டுற வியாதி வந்தா விடணும். இது ஒட்டலையே. என் கை இருக்கே சாட்சிக்கு."

"அம்மா, டாக்டர் சொன்னது காதில விழுந்துச்சா? அவளுக்கு அந்த நோயே வந்தா..."

"விழுந்துச்சுடா. உங்கப்பனுக்கு அன்னைக்கு மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல. இவளுக்கு மாத்திரையாவது இருக்கு. வாக்குன்னா வாக்கு. எனக்குத் தோதா இருக்கிறப்ப ஒண்ணு, இல்லாதப்ப ஒண்ணுன்னு மாத்திக்க முடியாது." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "அந்தப் பொய் வேற கணக்கு. அதை ஆத்தாகிட்ட நீ தீர்த்துக்க. வருஷா வருஷம் ஆடியில கோயில்ல பால்குடம். காலில செருப்பில்லாம, கெர்பாவ் ரோட்டிலேருந்து. நான் இருந்தாலும் சரி, போனாலும் சரி."

"சரி அத்தை."

"எங்கிட்டச் சொல்லாத."

மறு வாரம் டாக்டர் ஜார்ஜ் ஊசி அறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கை வெடித்தவர்கள், கண் ஊறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், யாருக்கும் வேலை போகாது என்றார். யாரும் அசையவில்லை. எல்லாருக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சிவகாமசுந்தரி எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினாள். முகத்தில் வந்ததை, வீட்டில் அம்மை என்று மறைத்ததை, மாமியார் தரையில் படுத்ததையெல்லாம் அங்கேயே சொன்னாள். சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கபீர் சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்கு முழங்கை வரைக்கும் இருந்தது.

கடைசியாக பிலோமினம்மாள். அவர் விரல்களில் எப்போதும் ஊதா மருந்து பூசியிருக்கும். அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்பார். அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர் அவருடைய தங்கை என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

"ஊசி போட முடியாத நர்ஸுக்கு இந்த வார்டில என்ன வேலை இருக்கு டாக்டர்?" என்றார். "அதான் சொல்லல."

நோயாளிகளின் நெஞ்சை மாதம் தவறாமல் படம் பிடித்த ஆஸ்பத்திரியில், அதுவரை நர்ஸுகளின் கையை யாரும் பார்க்கவில்லை. அதன் பிறகு பார்த்தார்கள். ரப்பர் கையுறை வந்தது. ஊசி புட்டிக்குள் இருக்கும்போதே காற்றைத் தள்ளிவிட வேண்டும், வெளியில் நிமிர்த்தித் தெளிக்கக் கூடாது என்று வழக்கம் மாறிற்று. மாறுவதற்குள் பலமுறை திட்டு வாங்கினார்கள். பழகிய கை லேசில் கேட்கவில்லை. ஊசி அறைக்கு ஆளை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். புதிதாகக் கை சிவந்தவர்கள் தாங்களே வந்து சொன்னார்கள்.

டாக்டர் ஜார்ஜ் இதைப் பற்றி டாக்டர்கள் கூட்டத்தில் ஒரு கட்டுரை படித்தார். அதில் சிவகாமசுந்தரி 'ஒரு நர்ஸ்' என்று மட்டும் வந்தாள். முத்தாயி கேட்டது வேறு.

"என் கை வந்திருக்கா டாக்டரய்யா?"

"வந்திருக்கும்மா. ஆரோக்கியமான ஒரு முதிய பெண்மணின்னு எழுதியிருக்கேன்."

"முதியவளா? அப்படி என்ன வயசாயிடுச்சு எனக்கு?"

ஊசி அறையை விட்டுப்போனது சிவகாமசுந்தரிக்கு லேசாக இல்லை. கொஞ்ச காலம் துணி மடிப்பு அறையில் இருந்தாள். பழைய நோயாளிகள் வராந்தாவில் அவளைப் பார்த்தால் இடுப்பைத் தடவிக்கொண்டு, "இப்ப ஒருத்தர் போடுறாங்க மிஸ்ஸி, ஊசியா அது, கடப்பாரை" என்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஆராய்ச்சியின் அடுத்த கட்டத்தில், நோயாளிகளைப் படுக்கையில் வைக்காமல் வீட்டிலிருந்தே வந்து மாத்திரை விழுங்கிப் போகச் சொன்னார்கள். யார் விழுங்குகிறார், யார் ஏமாற்றுகிறார் என்று பார்க்க ஆள் தேவைப்பட்டது. பிலோமினம்மாள் யோசிக்கவே இல்லை. "சுந்தரியைப் போடுங்க. விஷயத்தை மறைக்கிறவங்க முகம் எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியும்."

எனக்கு ஒன்றரை வருஷத்தில் நிழல் போய்விட்டது. இப்போது பள்ளியில் வேலை.

பிலோமினம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். வேலாயுதத்தின் குடும்பம் கெர்பாவ் ரோட்டை விட்டு குவீன்ஸ்டவுனில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. முத்தாயி இருக்கிறாள். ஆடி மாதம் மட்டும் மருமகளைத் தேக்காவுக்குக் கூட்டிவந்து, பழைய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, அங்கிருந்து பால்குடத்தோடு நடக்கவைக்கிறாள். சிவகாமசுந்தரி அதே கிளினிக்கில் மாத்திரை மேசையில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்கிறார். இதுவரை சுத்தமாக இருக்கிறது. ஊசித் தட்டு வந்தால் வெளியே போய் நிற்கிறார்.